சுருட்டை முடியும் மூன்று ஓலைகளும்

ஜூன் 2, திங்கள்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. துணி காயவில்லை. முடியும் காயவில்லை. முடி காய்ந்த பிறகுதான் வேலைக்குக் கிளம்புவது என்றால் கிறிஸ்துமஸுக்குத்தான் கிளம்ப வேண்டும்.

மார்ச்சில் முடியை நேராக்கப் போட்ட கெராட்டின் கரைந்துகொண்டே வருகிறது. உச்சியிலும் காதோரத்திலும் என் சொந்தச் சுருட்டை திரும்பிவிட்டது. முனையில் மட்டும் பார்லர்க்காரி விட்டுப்போன நேர்முடி கொஞ்சம். இரண்டு பெண்களின் தலையை ஒன்றாகத் தைத்த மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவுக்குப் பார்க்கவே பயமாக இருக்கிறதாம்.

"ஏட்டி, கல்யாணத்துக்கு ஒரு மாசம்கூட இல்ல. இந்தத் தலையோட கோயில்ல எப்படிட்டி நிப்ப?"

"தலைய வச்சா நிப்பேன்? காலை வச்சுல்லா நிப்பேன்." முறைத்தாள். தோசை கருகியது.

மார்ச்சில் நடந்ததை இதுவரை எழுதவில்லை. கை வரவில்லை. இப்போது சுருக்கமாக. நிச்சயத்துக்கு முந்தின நாள் தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் ஒரு பார்லரில் முடியை நேராக்கினேன். நிச்சயத்தன்று சாயங்காலமே குமட்டல். மறுநாள் இடுப்புக்கு மேலே முதுகில் குத்துவலி. சிறுநீர் வரவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறிப்போய், டயாலிசிஸ் அறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினார்கள். டாக்டரம்மா மராத்திக்காரி, சின்ன வயசு. என்ன சாப்பிட்டாய், என்ன மாத்திரை போட்டாய் என்று குடைந்து குடைந்து கேட்டாள். கடைசியில் என் முடியைத் தொட்டுப் பார்த்து, "யே கப் கர்வாயா?" இதை எப்போது செய்துகொண்டாய் என்று. அதற்கு முன்னால் அக்டோபரில், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் ஃபோட்டோவுக்காகச் செய்தபோதும் வாந்தி எடுத்ததைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தாள். அந்தக் கிரீமில் உள்ள ஏதோ ஆசிட், தலைத்தோல் வழியாக உள்ளே போய்ச் சிலருக்குச் சிறுநீரகத்தை அடைத்துவிடுமாம். "தோ பார் பச் கயி. தீஸ்ரி பார் மத் கர்னா." இரண்டு தடவை பிழைத்தாய், மூன்றாவது தடவை செய்யாதே. சிரிக்காமல் சொன்னாள்.

அம்மா ஊருக்கெல்லாம் சொன்னது: டைபாய்டு.

ஜூன் 5, வியாழன்

மாட்டுங்கா. மழையால் கடையில் ஆளில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதில் ஒரு தொல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் என் தலையே தெரியும். சேட் இன்று, "ஜென்சி, கரென்ட் லகா க்யா?" ஷாக் அடித்ததா என்று. நானும் சிரித்து வைத்தேன். சம்பளம் தருகிறவர் ஜோக்.

நஸ்ரின் மட்டும் என் கட்சி. பக்கத்துக் கவுன்டர். காயல்பட்டினத்துக் குடும்பம், தாராவியிலேயே பிறந்தவள். எப்போதும் முக்காடு. மதியச் சாப்பாட்டின்போது ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு முக்காட்டை எடுத்துக் காட்டினாள். இடுப்புவரை சுருள் சுருளாக. நான் வாயைப் பிளந்துவிட்டேன். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தெரியவில்லை.

அவள் போட்ட சட்டங்கள்:
– நுரை பொங்கும் ஷாம்பு கூடாது
– காய்ந்த முடியில் சீப்பு படக் கூடாது. ஈரத்தில் மட்டும், அகலப் பல் சீப்பு, நுனியிலிருந்து மேலே
– டவலால் தேய்க்காதே. பழைய காட்டன் டி-ஷர்ட்டில் பொத்திப் பொத்தி எடு
– வாரம் ஒருமுறை, ஷாம்புக்குப் பதில், செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த தாளி (இலை: கோயில் பக்கத்துப் பூக்காரியிடம் கேட்க)
– அல்சி ஜெல். அல்சி என்றால் ஆளி விதை. தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, ஈர முடியில்
– எதைத் தலையில் வைத்தாலும் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படி

"பயப்படாத. மூணு மாசத்துல அதுவே வழிக்கு வரும்."

"எனக்கு மூணு வாரம்தான் இருக்கு, நஸ்."

சாயங்காலம் ஜெல் காய்ச்சினேன். அதிகம் கொதித்துப் பசையாகிவிட்டது. அம்மா வந்து பார்த்துவிட்டு, யாருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி என்று டம்ளரை எடுத்தாள். குடித்தும் விட்டாள் ஒரு வாய். வெகுநாள் கழித்து இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலில் முதல் ஓலை, கல்யாண அறிவிப்பு.

பாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். தாராவி சபை ஜென்சிக்கும் செம்பூர் சபை டேனியலுக்கும் நடக்கப்போகும் விவாகத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கலாம். மூன்று ஞாயிறு இப்படி வாசிப்பார்கள். சின்ன வயசில் இந்த இடம் வந்ததும் யாராவது எழுந்திருப்பார்களா என்று எட்டி எட்டிப் பார்ப்பேன். இன்று எட்டிப் பார்க்கவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அம்மா என் கையைப் பிடித்துவிட்டாள். விரல் வலித்தது.

மதியம் டேனியலின் அம்மாவும் அக்கா ஷீபாவும் சாப்பிட வந்தார்கள். அத்தை, மைனி என்று இப்போதே கூப்பிடப் பழகிவிட்டேன். மைனி செம்பூரில் பார்லர் வைத்திருக்கிறாள். அதைக் கேட்டுத்தான் பிப்ரவரியில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இன்று அதுவே வினை.

அத்தை குழம்பைப் பிசைந்துகொண்டே என் தலையைப் பார்த்தாள். "ஃபோட்டோல முடி நேரால்லா இருந்துச்சு?"

அம்மா முந்திக்கொண்டாள். "டைபாய்டு வந்தபெறவு இப்படி ஆயிட்டு."

"டைபாய்டுல முடி கொட்டும். சுருளவுமா செய்யும்?"

நான் எழுந்து போய்த் தேவையில்லாமல் மோர் எடுத்து வந்தேன்.

மைனிதான் கலகலவென்று பேசி நிலைமையைச் சரி செய்தாள். "டென்ஷன் நை லேனே கா, அம்மா, கவலையே வேண்டாம். என் கடையில பிரைடல் பேக்கேஜ் இருக்குல்ல? முடிய நேராக்குற ஸ்மூத்தனிங், ஃபேஷியல் எல்லாம். ஜென்சிக்கு எங்க வீட்டு கிஃப்ட். மூணாம் ஓலைக்கு முந்தின சாட்டர்டே வந்துரட்டும். சண்டே சர்ச்சுக்குப் புது முடியோட போகட்டும்."

பெண்ணை அலங்கரிப்பது மாப்பிள்ளை வீட்டு உரிமை எங்கள் பக்கத்தில். சேலை, பூ, ஜோடனை எல்லாம் அவர்கள் கொடுப்பது. வேண்டாம் என்றால் பெண்ணுக்கே மனசில்லை என்று பேச்சு கிளம்பும். அம்மா இரண்டு கையாலும் கும்பிடாத குறையாகச் சரி என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

அம்மாவோடு சண்டை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று மிக்ஸியை ஓடவிட்டுச் சண்டை போட்டோம். சட்னிக்குப் போட்ட தேங்காய் வெண்ணெயாகிவிட்டது.

"உள்ளதச் சொல்லிருவோம்மா. கெமிக்கல் ஒத்துக்கல, கிட்னி கெட்டுச்சு, டாக்டர் கூடாதுன்னுட்டாங்கன்னு."

"கிட்னின்னு வாயத் தொறந்தியோ, அத்தோட முடிஞ்சு. ஒங்கப்பா எதுல போனாவன்னு அவ்வொளுக்குத் தெரியும். அப்பனுக்கு வந்தது மவளுக்கும் வந்துட்டுன்னு முத்திரை குத்திருவா. அதுக்குப்பெறவு ஒன்ன எவன் கட்டுவான்?"

"அப்ப சுருட்டையோடயே இருந்துட்டுப் போறேன்."

"ஏன்னு கேப்பால்லா? என்ன சொல்லுவ?"

"பிடிக்கலன்னு."

"பிடிக்காமத்தான் ரெண்டு தடவ போயிப் பண்ணுனியாக்கும்?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரி. அதுதான் ஆத்திரம். என்னிடம் இருப்பது ஒரே காரணம், அது வெளியே சொல்ல முடியாத காரணம். சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் கிரீம்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்த காலமெல்லாம் அம்மா வெளிப் பெஞ்சில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருப்பாள். எல்லாம் பார்த்தவள். அவளா இப்படிப் பேசுகிறாள்? கேட்டேவிட்டேன். அழுதாள். "நீயும் இருக்கணும். ஒனக்குன்னு ஒரு வீடும் இருக்கணும். எனக்கு ரெண்டும் வேணும்ட்டி." பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தோசை வார்த்தாள்.

எனக்கும் ரெண்டும் வேண்டும். டேனியலைப் பிடித்திருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

ஜூன் 12, வியாழன்

செம்பருத்தி இலை கிடைத்தது. ஜெல் இன்று பதம். முன்நெற்றியில் ஒரு சுருள், ஸ்பிரிங் மாதிரி இழுத்தால் நீண்டு விட்டால் ஏறிக்கொள்கிறது. கடையில் ஒரு கிழவர் ஃபிரேம் பார்க்க வந்தவர், "நேச்சுரல் ஹை க்யா? சுந்தர்" என்றார். இயற்கைச் சுருட்டையா, அழகு என்று. நாள் முழுக்க அதே நினைப்பு. நான் இவ்வளவு சீப்பாக விலைபோவேன் என்று தெரியாது.

சாயங்காலம் டேனியல் வந்தான். ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா. பெஞ்ச் ஈரம், கைக்குட்டை விரித்தான். என் முடியில் ஒட்டியிருந்த இலைத் துணுக்கைப் பொறுமையாக எடுத்தான், இழுக்காமல். இந்த மாதிரி ஆளிடம் எதையும் சொல்லலாம் என்று தோன்றியது.

"முடி இப்படியே இருந்தா பரவாயில்லையா?"

"எனக்கு எப்படி இருந்தாலும் ஓகே."

"அப்ப அத்தைகிட்ட நீங்க சொல்லுங்களேன்."

கைக்குட்டையை மடித்தான். விரித்தான். "நான் சொன்னா இப்பவே பொண்டாட்டி பேச்சு கேக்குறான்னு ஆரம்பிச்சிருவாங்க. ஒரு தடவதானே ஜென்சி? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. ஷாதி கே பாத் உன் இஷ்டம்."

கல்யாணத்துக்குப் பிறகு என் இஷ்டம். கிட்னி என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அம்மாவின் அழுத முகம் ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டேன். வரும் வழியில் குடித்த காபி நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாம் ஓலை. யாரும் இருமவில்லை.

வெளியே செருப்புப் போடும் இடத்தில் எஸ்தர் பெரியம்மா. உறவில்லை, எங்கள் வரிசையில் உட்காருகிறவள், ஊர் நியூஸ் எல்லாம் அவளிடம் வந்துதான் போகும். அம்மாவைத் தூண் ஓரமாக இழுத்தாள். நான் வாரை மாட்டுகிற சாக்கில் குனிந்தே இருந்தேன்.

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். செம்பூர்க்காரவ்வொ முன்ன ஒரு எடத்துல பொண்ணு பேசி ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவது வாசிக்கல. பொண்ணுக்கு வீசிங்காம். மறச்சிட்டாவன்னு நிறுத்திட்டாவ. அந்தப் புள்ள இன்னும் வீட்லதான் இருக்கு. ஒங்களுக்கு என்ன, ஒங்க புள்ளைக்கு ஒரு நோயும் கெடையாது."

அம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. குடை என்னிடம் இருந்தது, அவள் நனைந்துகொண்டே நடந்தாள்.

மதியம் தூங்கி எழுந்தால் அம்மா சமையல் மேடை ஓரத்தில் ஃபோனில், குசுகுசுவென்று. என்னைக் கண்டதும் "சரி, வைக்கேன்" என்றாள். யார் என்றேன். கேஸ்காரன் என்றாள். கேஸ்காரனிடம் எந்த ஜென்மத்தில் குசுகுசுவென்று பேசியிருக்கிறாள்?

ஜூன் 18, புதன்

பேய் மழை. சயானில் தண்டவாளத்தில் தண்ணீர், வண்டி ஊர்ந்தது. கடைக்கு லேட். சேட் வாயைத் திறக்குமுன் நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மதியம் மைனி கடைக்கு வந்து நின்றாள். கண் டெஸ்ட் செய்ய வேண்டுமாம். நம்பர் ஒன்றும் மாறவில்லை. என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று புரிந்தது. எதிரே ஜூஸ் கடைக்குக் கூட்டிப் போனாள்.

"சொல்லு. என் கடைன்னா உனக்கு இஷ்டமில்லையா? அன்னைக்கே உன் மூஞ்சியைப் பாத்தேன்."

அவ்வளவு அன்பாகக் கேட்டாள். உடைந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோட்டோ, நிச்சயம், ஆஸ்பத்திரி, டாக்டரம்மா. கிட்னி என்ற வார்த்தையை ஜூஸ் மெஷின் சத்தத்தில் சொன்னேன், அப்படியும் கேட்டது அவளுக்கு.

கொஞ்ச நேரம் ஸ்ட்ராவால் நுரையைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ பேருக்குப் போட்டிருக்கேன், ஒருத்திக்கும் ஒண்ணும் ஆனதில்ல. அந்த நைன்டி ஃபீட் ரோட்டுக்காரி டூப்ளிகேட் மால், அதான் போலிச் சரக்கு, யூஸ் பண்ணிருப்பா."

"டாக்டர் எந்த மாலும் கூடாதுன்னாங்க மைனி."

"சரி, சரி. விடு. எங்க அம்மாகிட்ட நான் மூச்சு விடமாட்டேன். டேனிகிட்டயும். சாட்டர்டே வா. சூட்டுக் கட்டையால வெறும் ஐயர்னிங் பண்ணி விடுறேன், கிரீமே வேண்டாம். பாக்குறவங்களுக்கு ஸ்மூத்தனிங் மாதிரியே இருக்கும். உன் அம்மாகிட்ட மட்டும் நான் ஒரு வார்த்தை பேசிக்கிறேன், அவங்க பயப்படாம இருக்கட்டும்."

கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அழுதும் விட்டேன், ஜூஸ் கடை வாசலில், மானம் போக. கடைக்குத் திரும்பி நஸ்ரினிடம் சொன்னால், அவள் சந்தோஷப்படவில்லை.

"இந்த மழையில ஐயர்னிங் எத்தன மணி நேரம் நிக்கும்? சர்ச் வாசல் தாண்டுறதுக்குள்ள சுருண்டுரும். பார்லர் நடத்துறவங்களுக்கு அது தெரியாதா?"

தெரியும்தான். வேறு ஏதாவது ஸ்ப்ரே வைத்திருப்பாள் என்றேன். நஸ்ரின், நானும் கூட வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அம்மா வருகிறாளே.

ஜூன் 21, சனி

செம்பூர் போய் வந்தாயிற்று. முடி நேராக, பளபளவென்று, பின்கழுத்தில் குளிர்ச்சியாக விழுகிறது. அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். மனசு கொஞ்சம் சரியில்லை.

மைனியின் கடையில் ஏசி, மேரி மாதா படம், பக்கத்தில் பிள்ளையாரும். எல்லா கஸ்டமரும் வேண்டும். என்னை உள் அறையில் உட்கார வைத்தாள். அம்மா எதிர் ஸ்டூலில், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு. தலை அலசினாள். அதன் பிறகு ஒரு கிண்ணத்தில் வெள்ளையாக எதையோ குழைத்து எடுத்து வந்தாள்.

"மைனி, கிரீம் வேண்டாம்னு பேசினோமே?"

"இது கிரீம் இல்லடா. முடிக்குப் பூசுற மாஸ்க். மிஷின் சூட்டுல முடி கருகிரக் கூடாதுல்ல. ஆர்கானிக், கற்றாழை. ஃபுல் நேச்சுரல்."

"டப்பா எங்க? காட்டுங்களேன்."

அம்மா குறுக்கே விழுந்தாள். "மைனி சொன்னா நம்ப மாட்டியாட்டி? ஒன் நல்லதுக்குத்தான பண்ணுதா."

டப்பா வந்தது. முன்பக்கம் பச்சை இலை படம். பின்பக்கம் படிக்கத் திருப்புவதற்குள் மைனி வாங்கி மேலே ஷெல்ஃபில் வைத்துவிட்டாள், கை ஈரம் என்று. எனக்கும் வெட்கமாகிவிட்டது. மூன்று நாள் முன்னால் நான் கையைப் பிடித்து அழுத ஆளிடம் போலீஸ் மாதிரி விசாரிப்பதா?

ரோஜா வாசனை. அடியில் லேசாகப் புளித்த நெடி. கொஞ்ச நேரம் ஊறவிட்டு, உலர்த்தி, சூட்டுக் கட்டையால் இழை இழையாக இழுத்தாள். புகை வந்தது. கண் எரிந்தது. முடியில் ஈரம் இருக்கு, அதான் என்றாள். அவள் மூக்கையும் வாயையும் மூடித் துணி மாஸ்க் கட்டியிருந்தாள், எப்போதும் அப்படித்தானாம். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. சுவரில் ஏதோ மேக்கப் மாடலின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது மைனி, "வியாழக்கிழமை கல்யாணம் முடியிற வரைக்கும் தலைக்கு ஊத்தாத. ஐயர்னிங்தானே, தண்ணி பட்டா அவ்ளோதான், பழையபடி சுருண்டுரும்."

சரிதானே? சரியாகத்தான் இருக்கிறது. இதைக் கேட்ட பிறகு கொஞ்சம் நிம்மதி. தண்ணீர் பட்டால் போய்விடும் என்றால் அது ஐயர்னிங்தான்.

ஜூன் 22, ஞாயிறு

மூன்றாம் ஓலை. வாசித்தாயிற்று. தடை ஒன்றும் இல்லை. பாஸ்டர் தாளை மடித்தபோது அம்மா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. வெளியே மழை கொட்டியது. எஸ்தர் பெரியம்மா என் முடியைத் தடவிப் பார்த்து, "எப்படி மின்னுது" என்றாள். சாரலில் நனைந்தும் ஒரு முடிகூடச் சுருளவில்லை. நல்ல ஐயர்னிங்.

அத்தை வீடியோ காலில் பார்த்துத் திருப்தி. டேனியல் ஒரு இதயம் அனுப்பினான். நானும் அனுப்பினேன்.

அம்மா இன்று ஒரே உபசாரம். எழுந்ததும் பார்லித் தண்ணீர். கோயிலுக்குக் கிளம்புமுன் இளநீர். வந்ததும் மறுபடி பார்லி. மதியம் சோற்றுக்கு முன்னால் ஒரு சொம்பு.

"என்னம்மா, நான் என்ன செடியா?"

"கல்யாணப் பொண்ணு, மூஞ்சி தெளிச்சியா இருக்கணும்லா. குடி."

சாப்பாடு பிடிக்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு பிரட்டல். கல்யாண பயமாக இருக்கும், எல்லோருக்கும் வருவதுதான். நஸ்ரினுக்கு மெசேஜ் போட்டேன்: மூன்றும் முடிந்தது, நான் பிழைத்தேன். அவள் பதில்: "தலைக்கு ஊத்திப் பாத்தியா?" இல்லை என்றேன்.

விளக்கு வைத்த நேரம். பாத்ரூம் போய்விட்டு வெளியே வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறாள், அடுப்பில் பாலை விட்டுவிட்டு.

"நல்லாப் போச்சாட்டி?"

"எது?"

"ஒண்ணுக்கு."

நான் என்ன கைக்குழந்தையா என்று எரிந்து விழுந்தேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஏன் அப்படிக் கேட்டாள்?

ஜூன் 23, திங்கள்

விடிந்ததும் வாந்தி. முதுகில், இடுப்புக்கு மேலே, இரண்டு பக்கமும் வலி. இந்த வலியை எனக்குத் தெரியும்.

பாத்ரூம் போனேன். வரவில்லை. நேற்று விளக்கு வைத்த பிறகு போகவே இல்லை, இப்போதுதான் உறைக்கிறது.

அம்மா பால் வாங்கக் கீழே போயிருந்தாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு தலைக்கு ஊற்றினேன். ஒரு சொம்பு. இரண்டு சொம்பு. வாளி முழுக்க. விரலால் பிசைந்துவிட்டேன், நஸ்ரின் சொல்லிக் கொடுத்த மாதிரி கீழிருந்து மேலே கசக்கிப் பிடித்து, விட்டு, பிடித்து. ஐயர்னிங் என்றால் இந்நேரம் நெற்றியோரம் சுருண்டிருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு நேராக விழுகிறது. டி-ஷர்ட்டில் பொத்தினேன். நேராகவே இருக்கிறது. ஒற்றை முடிகூட வளையவில்லை.

அம்மா வந்தாள். ஈரத் தலையைப் பார்த்தாள். பால் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

"கொஞ்சமாத்தான் போடச் சொன்னேன்ட்டி. வேர்ல படாம. ஷீபா சொன்னா, இது வேற, நேச்சுரல், ஒண்ணும் செய்யாதுன்னு. மழையில ஐயர்னிங் நிக்காதுன்னா. நிறைய தண்ணி குடிச்சா கழுவிக்கிட்டுப் போயிரும்னா."

"அன்னைக்கு ஃபோன்ல மைனியா?"

தலையாட்டினாள். ஜூஸ் கடைக்கு மைனி என்னைக் கூட்டிப் போகுமுன்பே இருவரும் பேசியிருக்கிறார்கள்.

அவளை அடிக்கத் தோன்றியது. மடியில் படுத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிப் பழைய ஃபைலைப் பையில் போட்டேன். சார்ஜர், நைட்டி, பிரஷ். டாக்டரம்மாவின் ஓபிடி இன்று உண்டு. டாக்ஸி புக் செய்தாயிற்று, ஆறு நிமிஷம் என்கிறது. நஸ்ரின் நேராக ஆஸ்பத்திரிக்கே வருகிறாள். டேனியலிடம் இனி மறைக்க ஒன்றும் இல்லை, போகிற வழியில் சொல்லிவிடுவேன். காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன்.

டாக்ஸி வந்துவிட்டது. கீழே ஹார்ன்.

அம்மா எழுந்துவிட்டாள். கையில் பார்லித் தண்ணீர். கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைக் கொடுத்து நிற்கிறாள். மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொல்கிறாள்:

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ, என் ராசாத்தி."